எங்கள் வீட்டில் இரண்டு இழுப்பு

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இழுப்பு. எனக்கு நெஞ்சில், என் மருமகளுக்குக் கம்ப்யூட்டரில். என்னுடையது பனி பெய்தால் வரும், மிளகாய் தாளித்தால் வரும், பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் ஏற்றுகிற கற்பூரப் புகைக்கு வரும். அவளுடையது என்ன செய்தாலும் வரமாட்டேன் என்கிறது. அதுதான் அவளுக்கு நோய்.

வயலினில் வில்லைப் போட்டு இழுக்கிறார்களே, அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் இழுப்பு என்று சொல்லுவாள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு பாட்டுக் கச்சேரி ட்ரூப்பில் கீபோர்டு வாசித்தவள். ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் அம்மன் கோயிலாக வேனில் போவார்களாம். ட்ரூப்பில் வயலின்காரர் கிடையாது. பாட்டில் வயலின் கூட்டம் வருகிற இடத்தை இவள்தான் கீபோர்டில் வாசித்துச் சமாளிப்பாள். கூழ் குடித்துவிட்டு மண்ணில் உட்கார்ந்திருக்கிற ஜனம், அது நிஜ வயலினா பொய் வயலினா என்று மேடை ஏறியா பார்க்கும்? "இழுப்ப நீ பாத்துக்கோம்மா" என்று மற்றவர்கள் சொல்லுவார்களாம். அந்த வார்த்தை அவளோடு சீர்வரிசையாக எங்கள் வீட்டுக்கு வந்தது.

வீடு அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிற பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. பின்பக்கம் தவிட்டு மூட்டை அடுக்கி வைத்திருந்த அறையில் அவள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மியூசிக் போடுகிறாள். அம்மன் பாட்டு, கல்யாண வீடியோ, அரிசி மண்டி விளம்பரம், எது வந்தாலும் போடுவாள். அறையில் சத்தம் எதிரொலிக்கக் கூடாது என்று என் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோடு நிறுத்திக் கட்டிவிட்டாள். மெத்தை நிற்கிறது, நான் தரையில் பாயில் கிடக்கிறேன். கேட்டதற்கு, "கொஞ்ச நாளைக்கு அத்த" என்றாள். இரண்டு வருஷமாக அது கால் வலிக்காமல் நிற்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன்பு சென்னையிலிருந்து ஒரு டைரக்டர் தம்பி அவளுக்குப் போன் செய்தார். சின்னப் படம். ஒரு பொம்பளை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள், பஸ் வரவில்லை. இருபது நிமிஷமும் இதுதான்.

"இத்தப் பாக்க எதுக்கும்மா படம்? செங்கம் ரோட்டுல போயி நின்னா தெனம் பாக்கலாமே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. படத்தின் கடைசி ஐந்து நிமிஷம் பேச்சே கிடையாதாம். வயலின் மட்டும்தானாம். அதுவும் ஒரு கூட்டமே உட்கார்ந்து இழுக்க வேண்டுமாம். கூட்டத்தைக் கூப்பிட்டு வாசிக்க வைக்க அந்தத் தம்பிக்கும் வசதியில்லை, எங்கள் தவிட்டு அறைக்கும் வசதியில்லை. அதனால் கம்ப்யூட்டர் வயலின். எந்தத் தேசத்திலோ யார் யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்து வைத்திருக்கிறார்களாம். இவள் கீபோர்டில் விரலை வைத்தால் அவர்கள் வாசித்தது வெளியே வரும்.

"செத்தவங்க வேற ஆளு மேல வந்து பேசற மாதிரியா?"

"அவங்கல்லாம் நல்லாத்தான் இருக்காங்க அத்த."

அந்த மாதிரி வயலின் கணக்கில்லாமல் இருக்கிறது போல. சும்மா கிடைக்கிறது, பத்து நாள் வைத்திருந்துவிட்டு விட்டுவிட வேண்டியது, பழைய ட்ரூப் ஆட்கள் அனுப்பியது என்று வாரத்துக்கு ஒன்றை இறக்கினாள். இறக்கியதும் அந்த ஐந்து நிமிஷத்தில் முதல் பன்னிரண்டு விநாடியை வாசிப்பாள். அது சரியாக வந்தால்தானே மேலே போக. அது வரவில்லை. அதனால் மேலேயும் போகவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்தால் அந்தப் பன்னிரண்டு விநாடி, பருப்பு புடைத்தால் அந்தப் பன்னிரண்டு விநாடி. குளித்துவிட்டு வந்தாலும் அதே இடத்தில் அது இழுத்துக்கொண்டு நிற்கும். அலுத்துப்போய் வாசல் பக்கம் போய் உட்கார்ந்தால் என் வாய் அதையே முனகும். எதிர்வீட்டு ஆடு அது ஆரம்பித்ததும் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். எனக்கு அந்த வசதியும் இல்லை.

"எப்படி இருக்கு அத்த?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் என்னிடம் கேட்டாள். என் மகன் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஹாரன் அடித்துவிட்டு வருகிறவன் காதில் கொசு கடித்தாலும் தெரியாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எனக்கு சுரமும் தெரியாது ஒன்றும் தெரியாது. அதனால் பெயர் வைத்தேன். முதலில் வந்தது கொசு. இரண்டாவது வழவழவென்று தொண்டையிலேயே நிற்கும், அது அல்வா. மூன்றாவது ஒரே மட்டத்தில் உர் என்று ஓடும், அது ஃப்ரிட்ஜ். நான்காவது எதற்கெடுத்தாலும் விம்மும். அதற்கு மட்டும் அவளே பெயர் வைத்தாள், மாமியார் என்று. நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன.

"அத்த, அல்வாவ கம்மி பண்ணிட்டு கொசுவ ஜாஸ்தி பண்ணியிருக்கேன். மேல மாமியார லேசா தூவியிருக்கேன். இப்ப கேளுங்க."

கேட்டேன். "அல்வா கேக்குது. கொசு கேக்குது. மாமியாரும் கேக்குறா. வயலின் எங்கம்மா?"

அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷத்தையும் எப்படியோ ஒப்பேற்றி முதல் தடவை அனுப்பியதற்கு அந்தத் தம்பி, வயலின் மாதிரி இருக்கிறது, வயலினாக இல்லை என்று சொல்லித் திருப்பிவிட்டார். இரண்டாம் தடவை அனுப்பியதற்குப் போனிலேயே கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நோட்டெல்லாம் சரியா இருக்குங்க. மூச்சுதான் இல்ல. ஆளுங்க உக்காந்து வாசிச்ச மாதிரி இல்ல. வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லன்னா நான் வேற யாரையாவது பாத்துக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள அவரிடம் என்ன இருக்கிறது, மரியாதையாகத்தான் பேசினார். அவள் போனை வைத்துவிட்டு அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். கோயில் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கல்லாவுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். என் மகன் அங்கே சொல்லி வைத்திருந்தான். திங்கட்கிழமைக்குள் வருகிறாளா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். அவனையும் குறை சொல்ல முடியாது. இரண்டு மாதமாக இந்த ஐந்து நிமிஷத்தையே பிடித்துக்கொண்டு வேறு வேலை எதையும் அவள் எடுக்கவில்லை.

"இதுவும் திரும்பி வந்துட்டா எல்லாத்தையும் மூடி வச்சுட்டு கடைக்குப் போயிடறேன் அத்த."

"போனா எனக்கு மெத்த கெடைக்கும்."

"நாள் பூரா நிக்கறதுகூட பரவால்ல. அந்தக் கடைல காலைலேந்து பாட்டு போடறான். எல்லாப் பாட்டுலயும் வயலின் வருது. அத்தக் கேட்டுக்கினே பில்லு போடணும். அதான்."

அழுதிருந்தால் ஏதாவது கிண்டல் பண்ணித் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை. அவரைக்காயை மட்டும் ரொம்பப் பொடியாக நறுக்கிவிட்டாள். எனக்கு மெத்தை ஆசை போய்விட்டது.

அடுத்து நடந்ததுதான் கூத்து. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் பின்பக்கம் துவைக்கிற கல்லிடம் நின்று பழைய ட்ரூப் கிடார்காரரோடு போன் பேசினாள். அந்தக் கல்லிடம்தான் சிக்னல் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். பக்கத்து வீட்டுக்காரி மலை சுற்றுகிற பாதையில் இட்லிக் கடை போடுகிறவள். எங்கள் வீட்டில் துவைக்கிற தண்ணீர் அவள் பக்கம் போகிறது என்று அவளுக்கும் எனக்கும் பல வருஷமாக வழக்கு. அந்தச் சுவர்தான் எங்களுக்குக் கோர்ட்டு. அன்றைக்கு அவள் சுவருக்கு அந்தப் பக்கம் இட்லித் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே படுத்து இருமிக்கொண்டிருந்தேன். மருமகள் பேசியதை இட்லிக்காரி பின்னால் ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் ஒப்பித்தாள்.

"இழுப்பு சரியில்லண்ணா. ரெண்டு மாசமா நானும் எத எதயோ குடுத்துப் பாத்துட்டேன். மூச்சே இல்லன்னு சொல்லிட்டாரு. வெள்ளிக்கெழம வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காரு. பழசுண்ணா, அதான் தாங்கல. என்ன பண்றது. அது முடிஞ்சுட்டா நான் பாட்டுக்கு வேலைக்குப் போயிடுவேன்."

பழசு என்று அவள் சொன்னது கம்ப்யூட்டரை.

புதன்கிழமை காலையில் இட்லிக்காரி ஒரு தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என் கையைப் பிடித்ததில்லை, சண்டையில்கூட.

"எழுந்திருக்காத ஆயா."

"எங்க எழுந்திருக்கிறேன், உக்காந்துதானே கீறேன்."

"அந்தத் தண்ணி வெவகாரத்த மனசுல வச்சிக்காத. வரட்டும். எல்லாத் தண்ணியும் என் பக்கமே வரட்டும்."

பல வருஷத்து வழக்கில் திடீரென்று நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தால் சந்தேகம் வராதா? "உனக்கு இன்னாம்மா ஆச்சு?" என்றேன்.

"எனக்கு இன்னா ஆவப் போவுது. உனக்கு எதனா சாப்புடணும்னு தோணுதா சொல்லு."

சோதித்துப் பார்க்கலாம் என்று ஆட்டுக்கால் சூப் என்றேன். மத்தியானம் சூப் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி விஷயம் புரிந்துபோயிற்று. சாகப் போகிறவளுக்கு அல்லாமல் அவள் ஆட்டுக்கால் வாங்குகிற ஆள் இல்லை. அப்போதே உண்மையைக் கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சூப் சூடாக இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. என் தங்கச்சி இறங்கினாள். செங்கம் பக்கத்துக் கிராமத்தில் கட்டிக்கொடுத்தவள். அவளோடு எங்கள் பங்காளி வீட்டுப் பெண்கள் ஆறு பேர். எல்லோரும் தலையை அள்ளி முடித்துக்கொண்டு, எழவு வீட்டுக்குப் போகிற புடவையில் வந்திருந்தார்கள். தங்கச்சி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"யக்கா, என்ன வுட்டுட்டுப் போறியே யக்கா."

"எங்கடி போறேன். நீதான் வந்திருக்கிற. செருப்ப வெளிய வுட்டுட்டு உள்ள வா."

இழுப்பு என்ற வார்த்தை இட்லிக்காரியிடமிருந்து கிளம்பிச் செங்கம் போய்ச் சேர்வதற்குள், இழுத்துக்கிட்டுக் கெடக்குது என்று ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் சொந்தக்காரர்கள் வந்து வாயில் பால் ஊற்றுவார்கள். நிம்மதியாகப் போகட்டும் என்று. தங்கச்சி தன் பையிலிருந்து சாத்துக்குடி எடுத்தாள், ரொட்டி எடுத்தாள், கடைசியில் ஈரத்துணி சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் மறைத்தாள்.

"இன்னாடி அது, பாலா?"

அவள் தரையைப் பார்த்தாள். "நம்ம மாட்டுப் பாலுக்கா."

"தண்ணி ஊத்தினியா?"

"உனக்குப் போயி ஊத்துவேனா?"

வாங்கிக்கொண்டு போய் டீ போட்டேன். எனக்கு ஊற்ற வந்த பாலில் எட்டுப் பேருக்கு டீ. இட்லிக்காரியும் சுவர் தாண்டி வந்திருந்தாள். நான் எழுந்து நடந்து அடுப்பு பற்ற வைத்ததைப் பார்த்து அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதைக் காட்டிக்கொள்ளாமல் குடித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யார் யாருக்குச் சொன்னது, எந்த பஸ் பிடித்தார்கள் என்று. எனக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. டீயும் சிரிப்பும் சேர்ந்தால் எனக்கு அப்படித்தான்.

அப்போது மருமகள் பின்னறையிலிருந்து வந்தாள். கழுத்தில் ஹெட்போன். கண் இரண்டும் சிவந்திருந்தது. ஹெட்போன் போட்டிருந்ததால் இவ்வளவு பேர் வந்ததே அவளுக்குத் தெரியாது. இட்லிக்காரி நடந்ததை விளக்கினாள். கேட்கக் கேட்க மருமகள் முகத்தில் இருந்த கொஞ்சம் ரத்தமும் போய்விட்டது.

"வயலின் இழுப்புக்கா. நான் வயலினப் பத்தி பேசினேன்" என்று இட்லிக்காரியிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நேத்தே உங்களுக்குத் தெரியுமா அத்த?"

"பாதி தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சூப்பு ஆறிடும்னு பாத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். "நாளைக்கு அனுப்பணும். அனுப்ப எங்கிட்ட ஒண்ணுமில்ல" என்றாள். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை. டீ டம்ளர்களை எண்ணிக்கொண்டிருக்கிற மாதிரி சொன்னாள். "திங்கக்கெழமலேந்து கடைக்குப் போறேன் அத்த. மெத்தைய அவுத்துத் தரேன்."

சிரிப்பு நின்றது. நான் ஒரு நாளை அவளிடமிருந்து தின்றுவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் எட்டுப் பொம்பளைகள் இருக்கும்போது யாரால் வேலை செய்ய முடியும்?

தங்கச்சிதான் கேட்டாள். "அப்படி இன்னாம்மா அதுல வரல? எங்களுக்கும் போடு, கேக்கலாம்."

வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. எழுந்து போய்ப் போட்டாள். தவிட்டு அறையில் நாங்கள் எல்லோரும் கால் மடக்கி இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் மெத்தை எங்களுக்குப் பின்னால் காவல்காரன் மாதிரி நின்றது. ஐந்து நிமிஷமும் ஓடியது. அதை நான் முழுசாகக் கேட்பது அதுதான் முதல் தடவை.

முடிந்ததும் தங்கச்சி சொன்னாள். "நல்லாத்தான் கீது. ஆனா கூலிக்கு அழுவுற மாதிரி கீதே."

மருமகள் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் ஒண்ணா ஆரம்பிக்கறாங்க, ஒண்ணா நிறுத்தறாங்க. எழவு வூட்ல அப்படியா அழுவோம்?"

"ஒண்ணா இல்ல சின்னத்த. தள்ளித் தள்ளித்தான் வச்சிருக்கேன்."

"யாரு தள்ளி வச்சது?"

"கம்ப்யூட்டரே வைக்கும். கொஞ்சம் முன்ன, கொஞ்சம் பின்ன."

"அது இஷ்டத்துக்கு வைக்கும். நாங்க இஷ்டத்துக்கு அழுவறதில்லம்மா. கட்டிப் புடிச்சிக்கினு இருக்கறவ மொதல்ல ஆரம்பிப்பா. பக்கத்துல இருக்கறவ அவ மூஞ்சியப் பாத்து சேந்துக்குவா. வாசல்ல நிக்கறவளுக்கு அப்புறம்தான் போயி சேரும். மொத ஆளுக்கு மூச்சு வாங்கும்போது மத்தவங்க விடாம புடிச்சிக்கணும்."

"அதோட ஒருத்திகூட மூக்கு சிந்தல" என்றாள் இட்லிக்காரி.

மருமகள் கீபோர்டுப் பக்கம் திரும்பினாள். பிறகு, இதுவரை வைத்திருந்ததில் ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்தாள். இரண்டு மாத வேலை, ஒரு விரல் தட்டலில் போயிற்று.

அன்று மத்தியானம் அவள் வேலை செய்த விதம் புதிது. முன்பெல்லாம் ஒரு வரியை வாசித்து அதையே எட்டாகப் பெருக்கிக்கொள்வாள். இப்போது ஒவ்வொரு வரியையும் முதலிலிருந்து கையால் வாசித்தாள், முன்னால் வாசித்ததைக் காதில் கேட்டுக்கொண்டே. எங்களில் ஒவ்வொருத்தியையும் பார்த்துக்கொண்டு வாசித்தாள். முதல் வரி என் தங்கச்சி. இரண்டாவது இட்லிக்காரி, அவள் எதிலும் முந்திக்கொள்கிறவள், அதனால் கொஞ்சம் அவசரமாக வந்தது. பங்காளி வீட்டுப் பெண்கள் ஆறு பேரும் வரிசையாக. ஒன்பதாவது வரி நான்.

"நீங்க லேட்டா வந்து லேட்டா முடிப்பீங்க அத்த."

"நான் எப்ப முடிப்பேன்னு பாக்கத்தானே எல்லாரும் பஸ் ஏறி வந்திருக்காங்க."

இந்தத் தடவை அவளுக்கு உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

கடைசியில் ஒரு மைக்கை எங்கள் நடுவே நிறுத்தினாள். நிஜமாக வாசிக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் மூச்சுச் சத்தம் இருக்கும், துணி உரசும், நாற்காலி முனகும், அதையெல்லாம் எடுத்து வயலினுக்கு அடியில் லேசாக வைக்க வேண்டும் என்றாள். "அஞ்சு நிமிஷம் யாரும் பேசாதீங்க. சும்மா மூச்சு மட்டும் விடுங்க."

ஒன்பது பொம்பளைகளை ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்கச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியாது. முதல் தடவை இட்லிக்காரிக்கு அடுப்பில் வைத்த பருப்பு ஞாபகம் வந்தது. இரண்டாம் தடவை தங்கச்சியின் வளையல் குலுங்கிக் காட்டிக்கொடுத்தது, கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் தடவை மலைப்பாதையில் ஒரு வேன் ஹாரன் அடித்தது. நான்காம் தடவை எல்லோருக்கும் அலுத்துப்போய், யாருக்கும் பேச வேண்டும் என்றே தோன்றவில்லை. அப்போது பார்த்து என் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது. முந்தானையால் வாயைப் பொத்தினேன். மூக்கு வழியே வந்தது. மருமகள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்து, என் கையை மெல்ல இறக்கிவிட்டாள். நான் விட்டுவிட்டேன். உள்ளே போகும்போது ஒரு கீச்சு, வெளியே வரும்போது ஒரு தேய்ப்பு. சிரிக்கக்கூட எனக்குச் சக்தியில்லை. அந்த ஐந்து நிமிஷமும் என் மூச்சை நானே உட்கார்ந்து கேட்டேன். வயசானதை அந்த மாதிரி உட்கார வைத்து யாரும் எனக்குக் கேட்கப் போட்டதில்லை.

பங்காளி வீட்டுப் பெண்கள் சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். தங்கச்சி மட்டும் இரண்டு நாள் இருந்தாள். வந்த காரியம் நடக்காததால் என் உடம்பைக் கவனிக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த இன்ஹேலரை நான் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன். அதைத் தேடி எடுத்து, காலையும் மாலையும் எதிரில் நின்று இழுக்க வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மருமகள் அனுப்பிவிட்டாள். அன்றைக்கும் சனிக்கிழமையும் பதில் இல்லை. என் மகன், "திங்கக்கெழம கடைக்கு இன்னா சொல்றது?" என்று ஒரு தடவை கேட்டான். அவள் துணி மடித்துக்கொண்டே, "பாக்கலாம்" என்றாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. பின்னறை சாத்தியே கிடந்தது. பன்னிரண்டு விநாடி இல்லாமல் வீடு எனக்குப் பழகவில்லை. ஆடு எங்கள் வாசலுக்கே வந்து படுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தம்பி போனில் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார். அவள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதைப் போட்டாள்.

"இது போதுங்க, இதையே வச்சுக்கறேன். இப்பதான் ஆளுங்க உக்காந்திருக்காங்க. யாரு வந்து வாசிச்சாங்க? கடைசில எல்லாரும் நின்ன பெறகு ஒரு ஒத்த வயலின் மட்டும் வில்லு தேஞ்சுக்கிட்டே போவுது பாருங்க, அது ரொம்ப நல்லா இருக்கு. அத மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா, கொஞ்சம் நீளமா குடுக்க முடியுமா?"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். என் ஒன்பதாவது வரியும் நின்ற பிறகு அவள் வயலின் எதுவும் வாசிக்கவில்லை. அது என் நெஞ்சு.

மத்தியானம் என்னை மறுபடி மைக் முன்னால் உட்கார வைத்தாள். மூச்சு விட்டேன். ஒன்றும் வரவில்லை. மூன்று நாள் ஒழுங்காக மருந்து இழுத்ததில் நெஞ்சு சுத்தமாகிவிட்டது. பச்சைக் குழந்தை மாதிரி மூச்சு வருகிறது. வேகமாக நடந்துவிட்டு வந்தேன், அப்போதும் வரவில்லை.

"ரெண்டு நாளைக்கு மருந்த நிறுத்தினா தானா வரும்" என்றேன். "மொளகாய தாளிச்சாகூட போதும், இப்பவே வந்துடும். நீ வாணலிய வையி."

அவள் மைக்கைப் பார்த்தாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாணலி, நாலு மிளகாய், அவ்வளவுதான் நடுவில் இருந்தது. நானும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எழுந்து போனாள். அடுப்படிக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். இன்ஹேலரை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள்.

"சாயந்தரத்துது இன்னும் இழுக்கல நீங்க."

"அப்ப அந்தத் தம்பி கேட்டது?"

"இருக்கறத வச்சு ஏத்திக் குடுக்கறேன். நீளம் பத்தலன்னா பத்தல. அவரு ஒத்துக்குவாரு, ஒத்துக்கலன்னா போறாரு."

மருந்தை இழுத்துவிட்டுப் பாயில் சாய்ந்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே என் மூச்சு மறுபடி மறுபடி ஓடியது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிசாக. அன்று பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிட்டாள். திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து வந்த பதில் ஒரே வார்த்தை, சரி என்று. என் மகன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"கடைக்கு வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள்.

அவன் டம்ளரைக் கீழே வைத்து, "சரி" என்றான். டூட்டிக்குப் போய்விட்டான்.

நாங்கள் துணி துவைக்கப் பின்பக்கம் போனோம். தண்ணீர் வழக்கம்போல அந்தப் பக்கம் போயிற்று. சுவருக்கு மேலே இட்லிக்காரியின் தலை எழுந்தது. நான் சாகவில்லை என்று ஆகிவிட்டதால் தீர்ப்பை வாபஸ் வாங்க வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் முதலில் அதைக் கேட்கவில்லை.

"இழுப்பு இன்னா ஆச்சு?"

யாரைக் கேட்கிறாள் என்று தெரியாததால் இரண்டு பேரும் பதில் சொன்னோம். மருமகள்தான் ஆரம்பித்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தேன்.